ஆண்கள் பேக்ஸ்ட்ரோக்: சர்வதேசப் போட்டி பார்க்க உட்காருபவர்கள் கேட்கும் கேள்விகள்

மல்லாந்து நீந்துகிறவருக்குத் தான் போய்ச் சேரும் சுவர் கண்ணில் படாது. பேக்ஸ்ட்ரோக்கின் விதிகள், கருவிகள், தகுதிநீக்கச் சண்டைகள் எல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால் வந்தவைதான். கீழே உள்ள பதில்களும் சுவரைச் சுற்றியே அதிகம் பேசுகின்றன; நடுக்குளத்தில் நடப்பதைப் பார்த்தாலே புரியும்.

எத்தனை தூரங்களில் போட்டி நடக்கிறது?

50, 100, 200 மீட்டர். ஒலிம்பிக்கில் இதுவரை 100, 200 மட்டும்தான். 50 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் உலக சாம்பியன்ஷிப்பில் 2001 ஃபுகுவோகா போட்டியில் சேர்ந்தது. ஒலிம்பிக்கில் 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் முதன்முறையாக வருகிறது. ஆண்கள் 100 மீட்டர் 1908 லண்டன் ஒலிம்பிக்கிலேயே இருந்தது. 1964 டோக்கியோவில் மட்டும் ஆண்களுக்கு 100 கிடையாது, 200 தான்.

மற்றவர்கள் மேடையிலிருந்து பாய, இவர்கள் ஏன் தண்ணீரில் இறங்கித் தொடங்குகிறார்கள்?

மல்லாந்த நிலையில்தான் சுவரை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பது விதி. அதனால் விசில் கணக்கும் மாறுகிறது. குட்டிக் குட்டி விசில்கள் வந்தால் தயாராகு என்று பொருள். முதல் நீண்ட விசிலுக்கு உடனே தண்ணீரில் இறங்க வேண்டும். இரண்டாவது நீண்ட விசிலுக்குத் தாமதிக்காமல் சுவருக்கு வந்து தொடங்கு மேடையில் உள்ள பிடியை இரண்டு கைகளாலும் பற்ற வேண்டும். அதன்பின் ஸ்டார்ட்டர் ‘டேக் யுவர் மார்க்ஸ்’ என்பார். எல்லோரும் அசையாமல் நின்ற பிறகே ஒலி எழும்.

பிடிகள் நீர்மட்டத்திலிருந்து 30 முதல் 60 செ.மீ. உயரத்தில் இருக்கும். கால்விரல்களை டச்பேடின் (தொட்டதும் கடிகாரத்தை நிறுத்தும் சுவர்ப் பலகை) மேல்விளிம்பிலோ வடிகால் விளிம்பிலோ மடித்துக் கவ்வக் கூடாது. ஒலிக்கு முன் கிளம்பினால் ஒரே தவறிலேயே வெளியேற்றம். இரண்டாவது வாய்ப்பு என்ற பேச்சே இல்லை.

சுவரில் தொங்கும் அந்தச் சிறு பலகை என்ன?

அதன் பெயர் லெட்ஜ். தொடங்கு மேடையிலிருந்து பட்டைகளில் தொங்கவிடப்படும் ஆப்பு வடிவப் பலகை. குறைந்தது 65 செ.மீ. நீளம், 8 செ.மீ. உயரம், மேலே 2 செ.மீ. தடிமன், முகப்பில் 10 பாகைச் சரிவு. நீர்மட்டத்துக்கு 4 செ.மீ. மேலிருந்து 4 செ.மீ. கீழ் வரை ஏற்றி இறக்கலாம். பாதம் பலகையில் பதிந்திருந்தாலும் இரண்டு கால்களின் விரல்களும் சுவரையோ டச்பேடையோ தொட்டிருக்க வேண்டும். வீரர் கிளம்பியதும் அதிகாரிகள் அதை மேலே இழுத்துவிடுவார்கள். நீந்திவிட்டுத் திரும்பி வருகிறவருக்கு அது இடைஞ்சலாகக் கூடாதல்லவா? ஒலிம்பிக்கில் முதலில் பயன்பட்டது 2016 ரியோவில். கட்டாயமில்லை, வேண்டாம் என்பவர் ஒதுக்கிவிடலாம்.

லெட்ஜ் வருவதற்கு முன் கால் வழுக்குவது பெரிய போட்டிகளிலும் நடந்த விபத்து. உயரம் வேண்டும் என்று பிடியோடு நெஞ்சை ஒட்டி ஏறி உட்கார்ந்துகொண்டால், ஒலி வந்ததும் கால் சுவரைப் பின்னுக்குத் தள்ளாமல் கீழ்நோக்கித் தேய்க்கும். பாதம் சறுக்கி இடுப்பு நேரே கீழே இறங்கும். அதோடு பந்தயமும் முடிந்த மாதிரிதான். லெட்ஜ் அந்தக் கீழ்நோக்கிய விசையைத் தாங்கிக்கொள்கிறது. ஆனாலும் தவறான நுட்பத்தை அது திருத்திவிடாது. தலையும் கைகளும் பின்னால் வீசப்பட்டு, முதுகு வில்லாக வளைந்து, கைகள் துளைத்த அதே இடத்தில் இடுப்பும் நுழைய வேண்டும். இடுப்பு முன்கூட்டியே தண்ணீரில் உரசினால் முதுகு ‘பளார்’ என்று அடிபடும், வேகம் அங்கேயே செத்துவிடும்.

தொடங்கியதும் ஆளையே காணோம். எவ்வளவு தூரம் தண்ணீருக்கடியில் போகலாம்?

தொடக்கத்திலும் ஒவ்வொரு டர்னுக்கு (சுவரில் திரும்புவதற்கு) பிறகும் 15 மீட்டர் வரை. அந்தக் கோட்டுக்குள் தலை நீர்மட்டத்தைப் பிளந்து வெளியே வந்துவிட வேண்டும். லேன் கயிற்றில் 15 மீட்டர் இடத்தில் மிதவையின் நிறம் மாறியிருக்கும், அதைப் பார்த்துக்கொண்டால் நீங்களே சொல்லிவிடலாம்.

இந்த விதிக்குப் பின்னால் 1988 சியோல் ஒலிம்பிக் இருக்கிறது. அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப் 100 மீட்டரில் ஏறக்குறைய 35 மீட்டரை அடியிலேயே டால்ஃபின் கிக்கில் (இரண்டு கால்களையும் சேர்த்து அலைபோல் உதைப்பது) கடந்து, ஹீட்ஸ் என்ற முதல் சுற்றில் 54.51 நொடி என்று உலக சாதனையும் வைத்தார். இறுதியில் அவரைப் போலவே நெடுந்தூரம் அடியில் வந்த ஜப்பானின் டைச்சி சுசுகி 55.05 நொடியில் தங்கம் வென்றார், பெர்காஃபுக்கு 55.18, சோவியத் வீரர் இகோர் பொல்யான்ஸ்கிக்கு 55.20. பந்தயத்தின் மூன்றில் ஒரு பங்கு யார் கண்ணிலும் படாமல் நடந்தது. ஒலிம்பிக் முடிந்ததும் 10 மீட்டர் வரம்பு வந்தது. 1991-ல் அது 15 ஆனது.

அடியில் ஏன் வேகம்? மேற்பரப்பில் நீந்தும்போது உடல் எழுப்பும் அலையே ஆளைப் பின்னுக்கு இழுக்கும். போதிய ஆழத்தில் அந்த அலைத்தடை குறைவு. சுவரைத் தள்ளிய வேகமும் கையில் இருக்கும். ஆனால் எல்லோருக்கும் 15 மீட்டர் லாபமாக இருக்காது. கிக்கின் வேகம் மேற்பரப்பு நீச்சலின் வேகத்துக்குக் கீழே விழும் இடத்தில் வெளியே வருவதே கெட்டிக்காரத்தனம். சிலருக்கு அது 12 மீட்டரில் வரும். 50 மீட்டர் குளத்தில் நடக்கும் 100 மீட்டர் பந்தயத்தில் அதிகபட்சம் 30 மீட்டர்தான் அடியில் போக முடியும். 25 மீட்டர் குளத்தில் அதே பந்தயத்துக்கு 60 மீட்டர். குறுங்குளச் சாதனைகள் வேகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மல்லாந்து அடியில் போனால் மூக்கில் தண்ணீர் ஏறாதா?

ஏறும். மூக்கு வழியாக இடைவிடாமல் மெல்லக் காற்றை விட்டுக்கொண்டே இருப்பதுதான் வழி. அதனால் தண்ணீர் உள்ளே வராது, ஆனால் காற்று கரைந்துபோகும். 200 மீட்டரின் கடைசி டர்னில் வீரர்கள் சீக்கிரம் மேலே வருவதற்கு இந்தக் கணக்கும் காரணம். சிலர் மேலுதட்டைச் சுருட்டி மூக்குத் துவாரத்தை அடைப்பார்கள். சிலர் மூக்குக் கிளிப் மாட்டுவார்கள், விதி அதைத் தடுக்கவில்லை.

குளத்தின் குறுக்கே கொடிகள் கட்டியிருப்பது எதற்கு?

சுவர் வருகிறது என்று சொல்வதற்கு. இரு முனைகளிலும் சுவரிலிருந்து சரியாக 5 மீட்டரில், நீருக்கு மேல் 1.8 முதல் 2.5 மீட்டர் உயரத்தில் கட்டப்படும். தலைக்கு மேல் கொடி கடந்ததும் வீரர் கைவீச்சை எண்ணத் தொடங்குவார். நல்ல வேகத்தில் இந்த 5 மீட்டர் மூன்று நொடிக்கும் குறைவு, அதில் சந்தேகப்பட நேரமில்லை.

எத்தனை வீச்சு என்பது ஆளுக்கு ஆள் வேறு. டர்னுக்கு ஓர் எண், முடிவுக்கு வேறோர் எண் வைத்திருப்பார்கள். டர்னில் சுவருக்கு முன்பே புரண்டாக வேண்டும். முடிவிலோ மல்லாந்தபடியே கை சுவரைத் தொட வேண்டும், அதனால் அங்கே ஓரிரு வீச்சு கூடும். உதாரணமாக, டர்னுக்கு மூன்று வீச்சில் புரள்கிறவர் முடிவில் ஐந்தாவது வீச்சில் தொடுவார். பயிற்சியில் மெதுவாக எண்ணிய கணக்கைப் பந்தயத்துக்குக் கொண்டுவருவதுதான் வழக்கமான தவறு. பந்தய வேகத்தில் ஒரு வீச்சுக்குக் கடக்கும் தூரம் மாறும். முழு வேகத்தில் எண்ணியதே செல்லும். போட்டிக்கு முன் வார்ம்-அப்பில் வீரர்கள் கொடிக்குக் கீழிருந்து சுவர் வரை திரும்பத் திரும்ப வேகமாகப் போய்ப் பார்ப்பது இதற்காகத்தான்.

டர்னில் குப்புறப் புரள்கிறார்களே, அது தவறில்லையா?

இல்லை. 1991-ல் வந்த மாற்றம் இது. அதற்கு முன் மல்லாந்தபடியே கையால் சுவரைத் தொட வேண்டியிருந்தது. இப்போது புரண்டு, கரணம் போட்டு, காலால் மட்டும் தொட்டால் போதும். நிபந்தனைகள் மூன்று:

- குப்புறப் புரண்டதும் ஒரு கை இழுப்பு, அல்லது இரண்டு கைகளையும் சேர்த்து ஒரே இழுப்பு. அது உடனே, தடையில்லாமல் நடக்க வேண்டும். அதன் தொடர்ச்சியாகவே கரணம்.
- உடலின் ஏதாவது ஒரு பகுதி தன் லேனின் சுவரைத் தொட வேண்டும்.
- கால் சுவரை விட்டுக் கிளம்பும்போது உடல் மீண்டும் மல்லாந்திருக்க வேண்டும். தோள் செங்குத்தைத் தாண்டித் திரும்பியிருந்தால்தான் அது மல்லாந்த நிலை.

அப்படியானால் டர்னில் எதற்காகத் தகுதிநீக்கம் செய்கிறார்கள்?

பெரும்பாலும் முதல் நிபந்தனை மீறலுக்கு. எண்ணிக்கை பிசகி, சுவர் இன்னும் இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கும்போதே புரண்டுவிடுகிறார் என்று வையுங்கள். கையை இழுத்து முடித்தும் சுவர் எட்டவில்லை. இப்போது அவர் செய்யக்கூடியது குப்புற மிதந்தபடி காத்திருப்பது, அல்லது இன்னொரு முறை இழுப்பது. முதலாவது தாமதம், இரண்டாவது கூடுதல் வீச்சு, இரண்டுக்கும் தண்டனை உண்டு. அனுபவசாலிகள் அந்த ஒற்றை இழுப்பையே நீட்டி, மெதுவாக, நிறுத்தாமல் செய்து தப்பிப்பார்கள். நிறுத்தாமல் என்பதில்தான் உயிர் இருக்கிறது. கை தொடையருகே நின்றுவிட்டால் டர்ன் நீதிபதி எழுதத் தொடங்கிவிடுவார்.

தாமதமாகப் புரண்டால் தகுதிநீக்கம் இல்லை, ஆனால் முழங்கால் மடங்கி நெஞ்சில் முட்டும், தள்ளுவதற்கு நீளம் கிடைக்காது. எந்தப் பக்கம் பிசகினாலும் நஷ்டம் என்றால், சுவருக்கு நெருங்கிப் புரள்வதே மேல்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஆரோன் பியர்சால் 200 மீட்டரை 1:54.95-ல் வென்றார். இரண்டாவது வந்த ஆஸ்திரியாவின் மார்கஸ் ரோகனுக்கு 1:57.35. ஆனால் டர்ன் விதிமீறல் என்று பியர்சாலின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நீதிபதியின் அறிக்கையில் காரணம் உரிய மொழியில் முறையாக எழுதப்படாததால் மேல்முறையீட்டில் தகுதிநீக்கம் ரத்தாகி, தங்கம் அவருக்கே வந்தது. டர்ன் நீதிபதியின் பேனாவுக்கும் இந்தப் பந்தயத்தில் பங்கு உண்டு.

முடிவில் தண்ணீருக்குள் மூழ்கித் தொடலாமா?

இப்போது தொடலாம், கடைசி 5 மீட்டர் குறியைத் தலை கடந்த பிறகு மட்டும். 2023-ல் நடைமுறைக்கு வந்த விதி இது. அதற்கு முன் தொடும் கணம் வரை உடலின் ஏதாவது ஒரு பகுதி நீருக்கு மேல் இருந்தாக வேண்டும்.

பழைய விதியின் சிக்கல் 2022 புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப் 50 மீட்டரில் பளிச்சென்று தெரிந்தது. அமெரிக்காவின் ஜஸ்டின் ரெஸ் 24.12 நொடியில் முதலில் தொட்டார். சுவரைத் தொடும்போது முழுதாக மூழ்கியிருந்தார் என்று அவரைத் தகுதிநீக்கினார்கள்; தங்கம் சக அமெரிக்கர் ஹண்டர் ஆம்ஸ்ட்ராங்குக்கு (24.14) என்றானது. முறையீட்டுக்குப் பின் முடிவு திரும்பி, தங்கம் மறுபடி ரெஸ்ஸிடம் போனது. வேகமாகத் தொட வேண்டுமென்றால் தலையைப் பின்னால் எறிந்து, இடுப்பைத் தூக்கி, விரல்நுனியைச் சுவருக்குள் குத்த வேண்டும். அப்படிச் செய்தால் உடல் மூழ்குவது இயல்பு. நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்கு ஒரு கால்விரல் வெளியே தெரிந்ததா என்று தேடுவது யாருக்கும் கௌரவமாக இல்லை. விதி மாறியது நல்லதுதான்.

மல்லாந்த நிலை மட்டும் இன்றும் மாறவில்லை. தொடும் கணத்தில் தோள் புரண்டிருந்தால் வெளியேற்றம்தான். இன்னொன்று: டச்பேட் அழுத்தத்தால் இயங்குவது; 2.4 மீட்டர் அகலம், 90 செ.மீ. உயரம், அதில் 30 செ.மீ. நீருக்கு மேல், 60 கீழ். தடவினால் கடிகாரம் நிற்காது. குத்தித்தான் தொட வேண்டும், அதில் விரல் சுளுக்கிக்கொள்பவர்களும் உண்டு.

லேன் கயிற்றில் உரசினால் தவறா?

உரசுவது தவறல்ல, கயிற்றைப் பிடித்து இழுப்பது தவறு. உரசினாலே வேகம் போய்விடும் என்பது வேறு கதை. உள்ளரங்கில் கூரைக் கம்பிகளையோ விளக்கு வரிசையையோ பிடித்துக்கொண்டு நேராகப் போகலாம். 2009 உலக சாம்பியன்ஷிப் நடந்த ரோம் போன்ற திறந்தவெளிக் குளத்தில் மேலே வெறும் வானம்; கண்ணில் வெயில் வேறு. அங்கே கருப்பு அல்லது கண்ணாடிப் பூச்சுள்ள காகிள்ஸ் அவசியம். கடைக்கண்ணால் லேன் கயிற்றைப் பார்த்தே திசை பிடிக்க வேண்டும்.

வேகமானவர் ஏன் எப்போதும் நடு லேனில்?

முந்தைய சுற்றின் நேரப்படி 4, 5, 3, 6, 2, 7, 1, 8 என்று லேன் தருவார்கள். ஹீட்ஸிலிருந்து 16 பேர் அரையிறுதிக்கு, அதிலிருந்து 8 பேர் இறுதிக்கு. அரையிறுதியில் அடக்கி வாசிப்பது ஆபத்து: 2009 ரோமில் 100 மீட்டர் உலக சாதனையைக் கையில் வைத்திருந்த பியர்சால் ஒன்பதாவதாக வந்து வெளியேறினார். தங்கம் ஜப்பானின் ஜுன்யா கோகாவுக்கு, 52.26 நொடி.

இருவர் ஒரே நேரத்தில் தொட்டால்?

கடிகாரம் நொடியில் நூறில் ஒரு பங்கு வரைதான் எண்ணும். சமமென்றால் பதக்கம் இருவருக்கும். 2011 ஷாங்காய் 100 மீட்டரில் பிரான்ஸின் கமீல் லக்கூரும் ஜெரெமி ஸ்ட்ராவியூஸும் 52.76-ல் ஒன்றாகத் தொட்டு இருவரும் உலக சாம்பியன் ஆனார்கள். அரையிறுதி அல்லது இறுதிக்கான கடைசி இடத்தில் சமமென்றால் மட்டும் அவர்களுக்குள் தனியாக ஒரு நீச்சல்.

திரையில் வரும் 50 மீட்டர் பிரிவு நேரத்தை எப்படிப் படிப்பது?

முன்னணி ஆண்கள் 100 மீட்டரில் முதல் பாதியை 25 நொடிகளிலும் இரண்டாம் பாதியை 26, 27 நொடிகளிலும் முடிப்பார்கள். இரண்டாம் பாதி மெதுவாக இருப்பதற்குக் களைப்பு மட்டும் காரணமல்ல. முதல் 50-க்குத் தொடக்கப் பாய்ச்சலின் வேகம் கிடைக்கிறது, இரண்டாவதற்கு அது இல்லை. ஆனால் முதல் பாதி கால் சுவரைத் தொடும்போது கணக்காகிறது. கரணம் போட்டு முடித்த நேரமும் அதற்குள் அடக்கம். அதனால் இடைவெளி ஒன்றரை நொடிக்குள் இருந்தால் அவர் நன்றாகத் தாங்கியிருக்கிறார். இரண்டரையைத் தாண்டினால் முதல் பாதியில் அளவுக்கு மீறிச் செலவழித்துவிட்டார்.

200 மீட்டரில் பார்க்க வேண்டியது மூன்றாவது 50. முதல் 50-ல் எல்லோரும் புதியவர்கள், கடைசி 50-ல் எல்லோரும் உயிரைக் கொடுப்பவர்கள். நடுவில் கால் உதை சோர்ந்து, இடுப்பு தாழ்ந்து, டர்னுக்குப் பின் அடியில் வரும் தூரம் 12 மீட்டரிலிருந்து 7, 8 ஆகச் சுருங்குவது மூன்றாவதில்தான்.

ஆண்கள் உலக சாதனைகள் யாரிடம்?

50 மீட்டர் குளத்தில்: 50 மீட்டர், ரஷ்யாவின் கிளிமென்ட் கொலெஸ்னிகோவ், 23.55, 2023. 100 மீட்டர், இத்தாலியின் தாமஸ் செக்கோன், 51.60, 2022 புடாபெஸ்ட். 200 மீட்டர், பியர்சால், 1:51.92, 2009 ரோம். மூன்றாவது, வேகம் கூட்டிய பாலியூரித்தேன் (பிளாஸ்டிக் வகை) உடைகளின் காலத்தது. அந்த ஒரே ரோம் போட்டியில் 43 உலக சாதனைகள் விழுந்தன. 2010 ஜனவரி முதல் அந்த உடைகளுக்குத் தடை. ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை, துணி மட்டும். பியர்சாலின் எண் இத்தனை ஆண்டு நிற்பதில் உடைக்கும் பங்குண்டு, ஆனால் அதே உடையை அன்று எல்லோரும்தான் போட்டிருந்தார்கள்.

இப்போது முன்னணியில் யார்?

1996 முதல் 2016 வரை ஆறு ஒலிம்பிக்கிலும் ஆண்கள் பேக்ஸ்ட்ரோக் தங்கம் அத்தனையும் அமெரிக்காவுக்கே போனது. 2020 டோக்கியோவில் ரஷ்யாவின் எவ்கெனி ரிலோவ் இரண்டு தங்கத்தையும் வென்று அதை முடித்தார். 2024 பாரிஸில் 100 மீட்டர் செக்கோனுக்கு (52.00), 200 மீட்டர் ஹங்கேரியின் ஹியூபர்ட் கோஷுக்கு (1:54.26). 2025 சிங்கப்பூர் உலக சாம்பியன்ஷிப் 100 மீட்டரில் தென்னாப்பிரிக்காவின் பீட்டர் கூட்சே 51.85, செக்கோன் 51.90, பிரான்ஸின் யோஆன் என்டோயே-ப்ரூவார் 51.92. மூன்று பதக்கமும் 0.07 நொடிக்குள்.

ரிலேயில் நீந்திய நேரம் சாதனையாகுமா?

நால்வர் ஆளுக்கொரு நீச்சல் முறையில் நீந்தும் மெட்லி ரிலேயில் பேக்ஸ்ட்ரோக் வீரர்தான் முதலில் போவார். தண்ணீரிலிருந்து தொடங்குவதால் வேறு வரிசைக்கு வழியில்லை. ஒலிக்குக் கிளம்புவதால் அவர் நேரம் முழுச் செல்லுபடி. 2016 ரியோவில் ரயன் மர்ஃபி 51.85 என்று 100 மீட்டர் உலக சாதனை வைத்தது ரிலேயின் முதல் லெக்கில்தான். பின்னால் போகிற மூவருக்கு அந்த உரிமை இல்லை, அவர்கள் ஒலிக்காகக் காத்திருப்பதில்லை.

ஒருவரே நான்கு முறைகளிலும் நீந்தும் தனிநபர் மெட்லியிலும் இதே டர்ன்தானா?

பேக்ஸ்ட்ரோக் பகுதிக்குள் வரும் டர்ன் இதேதான். அதை முடித்து பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குக்கு மாறும் சுவரில் மட்டும் குப்புறப் புரள அனுமதி கிடையாது. அங்கே பந்தய முடிவைப் போலவே மல்லாந்தபடி கையால் தொட்ட பிறகுதான் திரும்ப வேண்டும்.